ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: இலக்கணம், சொல்வளம், வாசிப்பு மூன்றையும் சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களும், அந்த வகுப்புகளில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் யூனிட் டெஸ்ட், ஸ்லிப் டெஸ்ட் என்று நாமே கேள்வி எடுக்கும் எந்தப் பள்ளிக்கும் இவை பொருந்தும்.

பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் 80 மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு ஆங்கில நாளிதழில் ஒரு பத்தி படித்தால் புரியவில்லை. இது எப்படி?

மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2019-20 கல்வியாண்டு முதல் ஒரே தாளாகி 100 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. அந்த வடிவத்தில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் பகுதி 20, ஐந்து மதிப்பெண் பகுதி 50, எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு சேர்ந்து 16. இதில் மாணவர் அதுவரை பார்த்தே இராத ஒரு பத்தியைப் படித்துப் புரிந்து விடை எழுத வேண்டிய இடம் முக்கியமாகக் கடைசி வினாதான். அதற்கு 8 மதிப்பெண். மற்றதில் பெரும்பகுதி பாடநூலின் உரைநடை, செய்யுள், துணைப்பாடம், மனப்பாடப் பகுதி. கடிதம், விளம்பரம், அறிவிப்பு போன்றவற்றுக்கு வகுப்பிலேயே அச்சுப்போல ஒரு வடிவம் சொல்லித் தந்துவிடுகிறோம்.

ஆக, பாடநூலையும் கைடையும் நன்றாகப் படித்த பிள்ளை 80 எடுப்பது நியாயமான பலன். அது உழைப்புக்குக் கிடைத்த மதிப்பெண். அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த 80 நமக்குச் சொல்லும் செய்தி, 'கற்பித்ததை நினைவில் வைத்திருக்கிறார்' என்பது. 'புதிதாக ஒன்றைக் கொடுத்தால் படித்துப் புரிந்துகொள்வார்' என்பதை அது சொல்லவில்லை. ஒப்பிட வேண்டுமானால், சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் 20 மதிப்பெண் பார்க்காத பத்திகளுக்கே போகிறது.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசெர் என்ற ஆய்வின் 2023-ம் ஆண்டு அறிக்கைக்காக 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களைச் சோதித்தார்கள். எளிய ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டு வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அப்படி வாசித்தவர்களிலும் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத்தான் வாசித்ததன் பொருள் சொல்லத் தெரிந்தது. வாசிக்கிறார், ஆனால் புரியவில்லை என்ற நிலையை நம் வகுப்புத் தேர்வுகள் கண்டுபிடிக்க வேண்டும். பொதுத்தேர்வு அதைச் செய்யாது.

மூன்றையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டுமா?

மதிப்பெண் பட்டியலுக்காக என்றால் தேவையில்லை. அடுத்த வாரம் என்ன நடத்துவது என்று தெரிந்துகொள்ள என்றால், கட்டாயம் தேவை.

ஒரு பத்தி கொடுத்து இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்கிறோம். மாணவி சரியாகப் புரிந்துகொண்டு, வினைச்சொல்லைத் தவறாக எழுதியிருக்கிறார். ஒரு மதிப்பெண் போடுகிறோம். பக்கத்தில் இருப்பவர் பாதிதான் புரிந்துகொண்டார், ஆனால் அழகான வாக்கியம். அவருக்கும் ஒன்று. இரண்டு பேருக்கும் தேவையான உதவி வேறு வேறு. மதிப்பேட்டில் இருப்பது ஒரே எண். வாசிப்புக் கேள்வியில் வாசிப்புக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். எழுத்துப் பிழையை வட்டமிட்டுக் காட்டலாம், மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். இலக்கணக் கேள்வியில் அருஞ்சொல் வைக்காதீர்கள். சொல்வளக் கேள்வியின் வாக்கியம், அந்தச் சொல்லைவிட எளிதாக இருக்கட்டும்.

பத்தி கொடுத்துக் கேள்வி கேட்டால் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். அப்படியென்றால் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வியைப் பொறுத்தது. கீழே உள்ள வாக்கியத்தைப் பாருங்கள்:

"தி ஸிங்க் பிளிப்ட் எ டோர்க் நியர் தி வெல்."

இதில் ஸிங்க், பிளிப், டோர்க் மூன்றும் பொருளே இல்லாமல் நான் இட்டுக்கட்டிய சொற்கள்; இதே ஒலியில் வேறு ஆங்கிலச் சொல் இருந்தால் அதை நினைக்க வேண்டாம். இப்போது கேள்வி: "வாட் டிட் தி ஸிங்க் பிளிப்?" எந்தப் பத்தாம் வகுப்பு மாணவரும் "எ டோர்க்" என்று எழுதிவிடுவார். "வேர் டிட் தி ஸிங்க் பிளிப் எ டோர்க்?" என்றால் "நியர் தி வெல்". முழு மதிப்பெண். எதுவுமே புரியாமல்.

நம் தேர்வுகளில் வரும் பத்திக் கேள்விகளில் நிறைய இந்த வகைதான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. மாணவர்கள் இந்த உத்தியை ஆறாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்; பல நேரம் நாம்தான் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். தேர்ச்சிக்கு உதவுகிறது, உண்மை. ஆனால் அந்த விடையைப் பார்த்து வாசிப்புத் திறன் பற்றி முடிவுக்கு வர முடியாது. விடையை அப்படியே பெயர்த்து எழுதுவதும் ஒரு திறன்தான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினோராம் வகுப்பில் இயற்பியல் நூலை ஆங்கில வழியில் படிக்கப் போகும் பிள்ளைக்கு அந்தத் திறனால் ஒரு பயனும் இல்லை.

அப்படியென்றால் வாசிப்புக்கு நல்ல கேள்வி எப்படி எடுப்பது?

உதாரணத்துக்கு ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். வேடந்தாங்கல் ஏரிக்கு ஒவ்வோர் ஆண்டும் பறவைகள் வருகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்குப் பாயும்போது உரமாகிறது. பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கிறார்கள். இந்தச் செய்தியை 120 சொற்களில் எளிய ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறோம் என்று வையுங்கள்.

'ஊர்க்காரர்கள் எதை வெடிப்பதில்லை?' என்பது பெயர்த்தெழுதும் கேள்வி. 'ஓராண்டு பறவைகள் வரவே இல்லை என்றால் விவசாயிகளுக்கு என்ன இழப்பு?' என்று கேளுங்கள். பத்தியில் அந்த வரி எங்கும் இருக்காது. எச்சம், நீர், உரம், வயல் என்ற சங்கிலியைப் புரிந்துகொண்டவர் மட்டும் விடை சொல்வார். விடை ஒரே சொல்லாக இருந்தாலும் போதும்.

இன்னொரு வகை, சுட்டுச் சொற்களைப் பிடித்துக் கேட்பது. நான்காவது வரியில் 'தே' என்று வருகிறது, அது பறவைகளையா, ஊர்க்காரர்களையா? ஐந்தாவது வரியில் வரும் 'திஸ்' எதைக் குறிக்கிறது? கேட்க ஒரு நிமிடம், திருத்த அரை நிமிடம். இதில் தடுமாறும் மாணவர் பத்தி முழுவதையும் தவறாகத்தான் படித்திருப்பார்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாம் 'ஏரிக்கரையில் நின்ற பையன்' என்போம். விவரம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், 'ஹூ' என்று தொடங்கும் விவரம் அவனுக்குப் பின்னால் வரும், அதற்கும் பின்னால்தான் முக்கிய வினைச்சொல். "தி பாய் ஹூ ஸா தி ஓல்ட் மேன் ரேன் அவே" என்ற வாக்கியத்தைக் கொடுத்து, ஓடியது யார் என்று கேட்டுப் பாருங்கள். வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் கிழவரையே ஓடவிடுவார்கள். ஒவ்வொரு வாசிப்புத் தேர்விலும் இப்படி ஒரு வாக்கியமாவது வைத்து, செயலைச் செய்தது யார் என்று கேட்பது நல்லது. அறிவியல், சமூக அறிவியல் நூல்கள் முழுக்க இந்த அமைப்புதான்.

கேள்விகளை எடுத்து முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பத்தியைக் காட்டாமல், கேள்விகளை மட்டும் வேறு வகுப்பு மாணவர்கள் சிலரிடம் கொடுங்கள். பத்தி இல்லாமலே விடை சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி வாசிப்பைச் சோதிக்கவில்லை. தூக்கிவிடலாம்.

பத்தி எதைப் பற்றியது என்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். 1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியை நடுநிலைப்பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் கிரிக்கெட் பற்றிப் பத்தி வைத்தால் இதுவேதான் நடக்கும். வேடந்தாங்கல் பத்தியிலும் செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு கை கூடுதல்.

எல்லோருக்கும் சமமான பொருள் என்று ஒன்று கிடையாது. அதனால் ஒரே நீளப் பத்திக்குப் பதிலாக, வேறு வேறு பொருளில் இரண்டு மூன்று சிறிய பத்திகள் வையுங்கள். ஒன்றில் அதிர்ஷ்டம் இருந்தாலும் மற்றதில் சமன் ஆகிவிடும்.

பத்தி கடினமா எளிதா என்று எப்படி முடிவு செய்வது?

தெரியாத சொல் எத்தனை என்று பாருங்கள். ஹூ, நேஷன் என்ற இருவர் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் உதவியில்லாமல் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது 200 சொல் பத்தியில் தெரியாத சொல் நான்கைத் தாண்டக் கூடாது. பத்துச் சொற்கள் தெரியவில்லை என்றால் பலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

இதற்குக் கணினி நிரல் எதுவும் வேண்டாம். வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் மூன்று பேரிடம், தேர்வு எழுதாத பிரிவாக இருந்தால் இன்னும் நல்லது, பத்தியைக் கொடுத்துத் தெரியாத சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள். கோடு கூடினால் பத்தியை மாற்றுங்கள், அல்லது அந்தச் சொற்களுக்கு மட்டும் ஓரத்தில் பொருள் கொடுங்கள்.

வாசிப்புக் கேள்விக்குத் தமிழில் விடை எழுத அனுமதிக்கலாமா? மேலதிகாரிகள் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

பொதுத்தேர்வில் முடியாது. ஆனால் வகுப்புத் தேர்வில், மாணவருக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால், தாராளமாக அனுமதிக்கலாம் என்பது என் கருத்து. இஸ்ரேலில் எலானா ஷோஹாமி 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதையே தொட்டது. ஆங்கிலப் பத்தியைப் படித்த பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்கு, கேள்வி அவர்களுடைய தாய்மொழியான எபிரேயத்தில் இருந்தபோது மதிப்பெண் கூடியது. பத்தி அதேதான். முன்பு அவர்களைத் தடுத்தது பத்தி இல்லை, கேள்வியின் ஆங்கிலம்.

ஒரு முறை தமிழில் விடை எழுதவிட்டுப் பாருங்கள். 'இவனுக்கு ஒன்றும் வராது' என்று நாம் முடிவு கட்டிய பையன் பத்தியை முழுக்கப் புரிந்துகொண்டிருப்பது தெரியவரலாம். அவனுக்குத் தேவை வாக்கியம் எழுதும் பயிற்சி. தமிழிலும் விடை சொல்லத் தெரியாதவனுக்குத் தேவை வேறு. யாராவது கேட்டால் இந்தக் காரணத்தையே சொல்லலாம். அதே பத்திக்கு அடுத்த வாரம் ஆங்கிலத்தில் விடை எழுதச் சொல்லுங்கள்.

சொல்வளத்துக்கு ஒத்த சொல், எதிர்ச்சொல் போதாதா?

பொதுத்தேர்வில் ஒத்த சொல் மூன்று, எதிர்ச்சொல் மூன்று வருகின்றன. அதற்குப் பயிற்சி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் புக் பேக் பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கும் சொல் தெரிந்தவருக்கும் இந்தக் கேள்வி வித்தியாசம் காட்டாது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு இந்த வழியில் நீண்ட காலம் போய்த் திரும்பியது. எதிர்ச்சொல் கேள்விகளை 1994-ல் எடுத்தார்கள். சொல் இணைகளைப் பொருத்தும் கேள்விகளை 2005-ல் எடுத்தார்கள். அரிய சொல்லால் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளும் 2016-ல் போயின. இப்போது பத்தியின் சூழலுக்குள் வைத்தே சொல்லைக் கேட்கிறார்கள்.

வகுப்பில் செய்யக்கூடியவை சில. ஒன்று, பால் மியாரா என்ற ஆய்வாளர் பிரபலப்படுத்திய முறை. நாற்பது சொற்களைப் பட்டியலிட்டு, தெரிந்த சொல்லுக்கு டிக் அடிக்கச் சொல்ல வேண்டும். அதில் பத்துச் சொற்கள் ஆங்கிலம் போலவே தோன்றும் பொய்ச் சொற்கள். பொய்ச் சொல்லுக்கும் டிக் அடித்திருந்தால் மற்ற டிக்குகளையும் முழுதாக நம்ப வேண்டாம் என்று பொருள். பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதையும் பார்த்துவிடலாம். இதற்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் உண்மை வராது.

இன்னொன்று, பால் நேஷன் 1983-ல் வெளியிட்ட தேர்வின் வடிவம்: இடப்பக்கம் ஆறு சொற்கள், வலப்பக்கம் மூன்று பொருள்கள் மட்டும். மூன்று சொற்கள் மிச்சம் இருப்பதால் ஒவ்வொன்றாகக் கழித்து ஊகிக்க முடியாது. நாம் வழக்கமாக ஐந்துக்கு ஐந்து பொருத்துக கொடுக்கிறோம். நான்கு தெரிந்தால் ஐந்தாவது இலவசமாகக் கிடைத்துவிடும்.

எந்தச் சொற்களைச் சோதிப்பது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-ல் தொகுத்த, அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலில் ஏறக்குறைய 2000 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்கள் ஒரு குடும்பம்) இருந்தன. சாதாரண ஆங்கில எழுத்தில் முக்கால் பங்குக்கு மேல் அந்த இரண்டாயிரத்துக்குள்தான் அடங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அல்தோ', 'அன்லெஸ்', 'ரிக்வயர்', 'இன்ஸ்டெட்' போன்ற சொற்கள் சந்தேகமில்லாமல் தெரியுமா என்று முதலில் பாருங்கள். செய்யுளில் ஒரே ஒரு முறை வரும் அருஞ்சொல்லைத் தெரிந்து வைத்திருப்பவர், 'அன்லெஸ்' வந்த வாக்கியத்தை நேர் எதிராகப் புரிந்துகொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இலக்கணத்தில் எதைச் சோதிப்பது? செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றுவது எல்லோருக்கும் வருகிறதே?

சூத்திரம் போல மாற்றுவது வரும். தேவையான இடத்தில் தானாக எழுத வருகிறதா என்று பாருங்கள். 'பாம்பனின் பழைய ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. கடலின் மேல் கட்டப்பட்டது' என்ற தகவலைத் தமிழில் கொடுத்து, சுற்றுலாப் பயணிகளுக்கான ஆங்கிலப் பலகைக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். செயப்பாட்டுவினை என்ற பெயரையே சொல்ல வேண்டாம். பாலமே தன்னைத் திறந்துகொண்டதாக எழுதுபவர்களும் இருப்பார்கள். மாற்றி எழுதும் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கியவர்களாகக்கூட அவர்கள் இருக்கலாம்.

தமிழ் பேசும் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள் ஏறக்குறைய நமக்குத் தெரிந்தவைதான். தமிழில் 'தி' என்பதற்கு நிகர் இல்லை. எங்கே போடுவது, எங்கே விடுவது என்று கடைசி வரை குழப்பம். 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பது 'நேற்று பார்த்திருக்கிறேன்' என்பதிலிருந்து நேராக வருகிறது. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ' எல்லாம் இந்தக் குடும்பம். இலக்கணத் தேர்வின் பாதியை இவற்றுக்கு ஒதுக்கினால் தப்பில்லை. பிழை திருத்தும் கேள்விக்கு, மாணவர்களின் பழைய கட்டுரைகளிலிருந்து, யாருடையது என்று தெரியாதபடி, வாக்கியங்களை எடுங்கள். கைடில் இருக்கும் பிழைகள் நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளாக இருப்பதில்லை.

குளோஸ் டெஸ்ட் என்கிறார்களே, அது என்ன?

வில்சன் டெய்லர் என்பவர் 1953-ல் அறிமுகப்படுத்தியது. ஒரு பத்தி எந்த அளவுக்குப் படிக்க எளிதாக இருக்கிறது என்று அளக்கத்தான் அதை உருவாக்கினார். பிறகு மாணவர்களைச் சோதிக்கவும் பயன்பட்டது. முதல் வாக்கியத்தை மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டு, அடுத்து வரும் ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் எடுத்துவிட வேண்டும். 250 சொல் பத்தியில் முப்பதுக்கு மேல் கோடிட்ட இடங்கள் கிடைக்கும். எந்தச் சொல் போகும் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, எண்ணிக்கை தேர்ந்தெடுக்கிறது. அதனால் 'தி', 'ஆஃப்' போன்ற இலக்கணச் சொல், பெயர், வினை போன்ற பொருட்சொல் இரண்டும் கலந்து போகும். நிரப்ப வேண்டுமானால் முன்னும் பின்னும் படித்தே ஆக வேண்டும். மூன்று திறன்களும் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்று ஒரே பார்வையில் தெரிய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூலத்தில் இருந்த சொல்லே வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், பொருந்தினால் மதிப்பெண் கொடுங்கள். கோடிட்ட இடங்களைப் பார்த்துப் பயந்துபோகும் வகுப்பு என்றால், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் கொடுத்துவிடலாம்.

ஒரு மதிப்பெண் வினாக்களில் ஊகித்தே எழுதுகிறார்கள். என்ன செய்வது?

நான்கு விடைகள் உள்ள 14 வினாக்களில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக மூன்றரை கிடைக்கும். அதனால் 14-க்கு 4 எடுத்தவருக்கு 'கொஞ்சம் தெரியும்' என்று எண்ணாதீர்கள். எதிர்மறை மதிப்பெண் வகுப்புத் தேர்வுக்கு வேண்டாம்; தயங்கும் பிள்ளைகள்தான் அதில் அடிபடுவார்கள். தவறான விடைகளை நன்றாக அமைப்பதே வழி. ஒரு முறை அதே கேள்வியைக் கோடிட்ட இடமாகக் கொடுங்கள். அதில் பிள்ளைகள் எழுதும் தவறான விடைகள்தான் அடுத்த முறைக்கான மற்ற மூன்று விடைகள். அப்புறம், சரியான விடை மட்டும் நீளமாக இருந்துவிடக் கூடாது.

தேர்வு முடிந்து திருத்தியும் ஆகிவிட்டது. என் கேள்விகள் நல்ல கேள்விகள்தானா என்று எப்படித் தெரியும்?

நாற்பது பேர் வகுப்பு என்றால், அதிக மதிப்பெண் எடுத்த 11 விடைத்தாள்களையும் குறைவாக எடுத்த 11 விடைத்தாள்களையும் தனியே இரண்டு கட்டுகளாக எடுங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் 27 சதவீதம் தாள்களை எடுப்பதே நல்லது என்று ட்ரூமன் கெல்லி என்ற ஆய்வாளர் 1939-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்; நாற்பதில் அது ஏறக்குறைய 11. ஒவ்வொரு கேள்விக்கும் மேல் கட்டில் எத்தனை பேர் சரி, கீழ்க் கட்டில் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். மேலே 10, கீழே 3 என்றால் நல்ல கேள்வி. இரண்டிலும் 11 என்றால் எளிய கேள்வி. தொடக்கத்தில் தைரியம் கொடுக்க ஒன்றிரண்டு இருக்கலாம். மேலே 4, கீழே 7 என்று தலைகீழாக வந்தால் உடனே விடைக்குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் குறிப்பில் பிழை இருக்கும், அல்லது இரண்டு விடைகள் சரியாக இருக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளை இரண்டாவது சரியான விடையையும் பார்த்துவிட்டுக் குழம்பியிருப்பார். அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் மதிப்பெண் கொடுப்பதுதான் நேர்மை.

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதெல்லாம் எப்படி?

அவர்களுக்கு எழுத்துத் தேர்வே வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஐந்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை சொற்களைச் சரியாக வாசித்தார், எந்த எழுத்துக் கூட்டத்தில் நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திணறினால் மூன்றாம் வகுப்பு நூலுக்கு இறங்குங்கள். அதன் அட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எந்த வகுப்புப் புத்தகம் என்று தெரிந்தால் மனசு உடைந்துவிடும். வகுப்பு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும், ஏற்றம் தெரியும்.

எழுத்துகளை இடம் மாற்றி வாசிப்பது, தமிழிலும் அதே சிக்கல் இருப்பது, வாய்மொழியில் மட்டும் கெட்டிக்காரராக இருப்பது போன்றவை தெரிந்தால் கற்றல் குறைபாடு இருக்கலாம். நாமாக முடிவு செய்யாமல் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் அடங்கும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு வினாத்தாள் எடுக்கலாமா?

பத்தி எழுத உதவும். இத்தனை சொற்களில், இந்தப் பொருளில் என்றால் நொடியில் வந்துவிடும். ஆனால் கேள்விகளில் பெரும்பாலும் அதே பெயர்த்தெழுதும் வகை வரும், விடைகளில் இரண்டு சரியாக இருப்பதும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் நீங்களே விடை எழுதிப் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் என் பிள்ளையின் வாசிப்பை நான் சோதிக்க முடியுமா?

முடியும். பாடநூலில் இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பத்தியைப் படித்து, என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வரிக்கு வரி வேண்டாம், கதை போலச் சொல்லட்டும். நடுவில் 'ஏன் அப்படிச் செய்தான்?', 'அவன் என்றால் யார்?' என்று கேளுங்கள். உங்களுக்குக் கதை தொடர்ச்சியாக விளங்கினால் பிள்ளைக்கும் விளங்கியிருக்கிறது. உங்களுக்கு எங்கே புரியாமல் போகிறதோ, பிள்ளையும் பெரும்பாலும் அங்கேதான் தவறவிட்டிருக்கும். திட்ட வேண்டாம், அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து ஆசிரியரிடம் காட்டுங்கள்.

ஒரே பீரியடில், 25 மதிப்பெண்ணுக்கு, மூன்றையும் வைத்து ஒரு தேர்வு நடத்த வேண்டும். எப்படிப் பிரிப்பது?

நான் பிரிக்கும் விதம் இது. வாசிப்புக்கு 12: பார்க்காத சிறு பத்திகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள், கேள்விக்கு இரண்டு மதிப்பெண். ஒரு பத்திக்குத் தமிழிலும் விடை எழுதலாம். சொல்வளத்துக்கு 6: ஆறு சொல், மூன்று பொருள் என்ற கட்டம் இரண்டு. இலக்கணத்துக்கு 7: பிள்ளைகள் முன்பு எழுதிய வாக்கியங்களில் பிழை திருத்த நான்கு, பாம்பன் பலகை போல ஒரு சூழல் கொடுத்து எழுத மூன்று. வாசிப்பை முதலில் வையுங்கள், கடைசியில் வைத்தால் மணி அடித்துவிடும். மொத்த மதிப்பெண்ணுடன் மூன்று பகுதி மதிப்பெண்களையும் தனித்தனியாக விடைத்தாளின் மேலே எழுதிக் கொடுங்கள். மதிப்பேட்டிலும் மூன்று நெடுவரிசைகள் போட்டுக்கொள்ளுங்கள்.